பூர்வீக மனையில் புதுவீடு

(பரவையில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் மொழி. இவ்விரண்டனுள் கலியாணத்தைக் குறித்து நாம் பல கூட்டங்களில் பேசியாகிவிட்டது. வீட்டைக் குறித்து ஒரு நாளும் கூடிப் பேசியதில்லை. கலியாணப் பந்தல் காரியம் முடிந்ததும் பிரிக்கப்படும். அதில் நேர்ந்த குறைகளும் சில மாதங்களில் மறக்கப்படும். இடம் தவறி எழுப்பிய சுவரோ ஐம்பது அறுபது வருஷம் நின்று, கட்டினவரையும் அவர் மக்களையும் தினந்தோறும் வருத்தும். ஆகவே இவ்விஷயத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல எனக்கு இடமளித்த காரியதரிசி அவர்களுக்கு வந்தனம் செலுத்துகிறேன்.

நமது பரவையின் நிலைமையை நீங்கள் அறிவீர்கள். வைகைக்கு வடபால், திண்டுக்கல் சாலையில், கண்மாயும் நஞ்சையுமாக இருந்த ஊர் இது. இன்று ஆலையும், கல்லூரியும், பெரிய காய்கறிச் சந்தையும் உடையதாய், மதுரையோடு ஒட்டிய பேரூராட்சியாய் நிற்கிறது. பக்கத்து விளாங்குடி 2011-ஆம் ஆண்டிலேயே மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இந்நிலையில் புதிதாக மனை வாங்குவது நம்மவரில் பெரும்பாலோர்க்கு எட்டாக் கனியாகிவிட்டபடியால், பாட்டனார் வைத்துப்போன மனையிலே பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டுப் புதுவீடு கட்டுவதே வழக்கமாகி வருகிறது. அப்படிக் கட்டும்போது எதை முதலில் நிர்ணயிக்க வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொழுது நடப்பது யாது? முகப்பின் படத்தை முதலில் தேர்ந்துகொள்கிறோம். பிறகு எத்தனை அறைகள் என்று எண்ணுகிறோம். கடைசியில் மனையின் நான்கு எல்லையையும் தொட்டுச் சுவர் எழுப்புகிறோம். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மழைத் தண்ணீருக்கும் மிச்சமாவது ஒன்றுமில்லை. பட்டப்பகலில் விளக்கேற்றிச் சமைக்கும் அடுக்களையும், சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தோன்றும் படுக்கையறையும் நமது தெருக்களில் எத்தனை என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. இதற்கு நேர்மாறான வரிசையை உங்கள் முன் வைக்கிறேன். முதலில் உரிமையைத் தெளியுங்கள். இரண்டாவது மனையை அறியுங்கள். மூன்றாவது அதில் வாழப்போகிறவர்களை எண்ணுங்கள். நான்காவது, எவ்வளவு இடத்தைக் கட்டாமல் விடுவது என்று முடிவு செய்யுங்கள். இந்நான்கும் முடிந்த பிறகே அறைகளுக்குக் கோடு போடலாம்.

முதலாவது உரிமை. பூர்வீக மனை ஒருவர் அநுபவத்தில் இருப்பதனாலேயே அவர் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது. 'தங்கைமார்களுக்குச் சீர் செய்து அனுப்பிவிட்டோம். இனி அவர்களைக் கேட்பானேன்?' என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அன்பர்களே, அக்காலம் போய்விட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண் மக்களுக்கும் பிறப்புரிமை உண்டென்று தமிழ்நாடு 1989-ஆம் ஆண்டிலேயே, அப்பொழுது மணமாகாதிருந்த பெண்களை உத்தேசித்து, சட்டம் திருத்திற்று. 2005-ஆம் ஆண்டின் மத்திய சட்டத் திருத்தம் மணமானவர் ஆகாதவர் என்ற பேதமின்றி எல்லாப் பெண் மக்களுக்கும் அதை உரியதாக்கிற்று. 2020-இல் உச்சநீதிமன்றமும் அவ்வுரிமையை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டிற்று. ஆகையால் அஸ்திவாரம் தோண்டுமுன் உடன்பிறந்தாளை அழைத்து உட்காரவைத்துப் பேசுங்கள். அவள் பங்கைக் கொடுப்பதாயினும், அவள் மனமுவந்து விட்டுக்கொடுப்பதாயினும், பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். வீடு எழும்பிய பின் எழும் வழக்கு, வீட்டையும் தின்று உறவையும் தின்றுவிடும். சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. பிறந்த வீட்டின் வாசலைப் பெண் மக்களுக்கு அடைத்துவிட்டுக் கட்டும் மாளிகை நமது குலத்துக்குப் பெருமையாகாது என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம்.

சகோதரர் இருவர் ஒரு மனைக்கு உரியவராயின், மனையை நீளவாட்டில் இரண்டாகக் கீறுவது நம் வழக்கம். முப்பத்து மூன்றடி முகப்பை இவ்வாறு கீறினால் ஆளுக்குப் பதினாறரை அடி வரும். அதில் இருபுறமும் சுவரும் சந்தும் போக மிஞ்சுவது ஒரு நீண்ட குகை. இரண்டு குடும்பங்களும் இருட்டில் வாழ்வதைக் காட்டிலும், மனையைக் கீறாமல் ஒருவர் கீழும் ஒருவர் மேலுமாகக் கட்டி, கிணறும் முற்றமும் பொது என்று எழுதிக்கொள்வது மேல். மாடிப்படியை மட்டும் வெளியிலிருந்து ஏறும்படி வைத்துவிட்டால், ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் நுழைந்து போகும் சங்கடம் இராது. இன்று ஒற்றுமையாக இருப்பவர்களும் இதைச் செய்துவைக்க வேண்டும். ஒற்றுமையுள்ள காலத்தில்தான் இவ்வேற்பாடு சுலபமாக முடியும்.

இரண்டாவது, மனையை அறிதல். நமது மதுரைக்கு இது புதிய வித்தை அன்று. சங்க நூலாகிய நெடுநல்வாடை, பாண்டியன் அரண்மனைக்குக் கயிறிட்டுத் திசை பார்த்த செய்தியைக் கூறுகிறது. கோல்களை நட்டு, நண்பகலில் நிழல் எப்பக்கமும் சாயாத வேளையறிந்து, நூல் கற்றவர் மனை வகுத்தனர் என்பது அதன் பொருள். இது கவியின் கற்பனை மாத்திரமன்று. மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் பத்துப் பாகையில் இருப்பதால், ஆண்டுதோறும் ஏப்பிரல் 16-ஆம் தேதியை ஒட்டியும், ஆகஸ்டு 27-ஆம் தேதியை ஒட்டியும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அன்று நட்ட கோலுக்கு நிழலில்லை. நம் முன்னோர் சித்திரையில் கண்ட அவ்வுண்மையை நீங்களும் உங்கள் மனையில் ஒரு கோலை நட்டுக் கண்டுகொள்ளலாம்.

இதனால் வீட்டுக்கு என்ன பிரயோசனம் என்பீர்கள். சித்திரை பிறந்தது முதல் ஆவணியில் ஒரு பாதி கழியும் வரையில், நடுப்பகல் வெயில் தெற்கிலிருந்து வருவதில்லை. சிறிது வடக்கே சாய்ந்தே வருகிறது. மற்ற மாதங்களில் தெற்கே சாய்கிறது. ஆனால் இவ்விரு பக்கத்து வெயிலும் உயரத்திலிருந்து விழுவதால், சன்னலுக்கு மேல் இரண்டடி அகல மறைப்பலகை இருந்தால் அதைத் தடுத்துவிடலாம். சூரியன் வடகோடியிலிருக்கும் ஜூன் மாதத்தில் வடசுவரில் நடுப்பகலுக்கு எட்டடி வரை அதன் நிழல் விழும். தென்கோடியிலிருக்கும் டிசம்பரில் தென்சுவரில் மூன்றடி நிழல் விழும். அந்தக் குளிர்மாதத்தில் மிச்ச வெயில் உள்ளே வருவதும் நன்மையே. மேற்கு வெயிலின் சங்கதி வேறு. மாலை நான்கு மணிக்கு அது படுத்தவாக்கில் வருவதால் எந்த மறைப்பும் அதற்கு ஈடாகாது. பகலெல்லாம் சுட்ட மேற்குச் சுவர், இரவில் அச்சூட்டை அறைக்குள் கக்கும். ஆகவே மேற்கு ஓரத்தில் படுக்கையறையை வையாது, மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை அரணாக நிறுத்துவதே அறிவுடைமை. அப்பக்கம் ஒரு வேம்பு நின்றால் இன்னும் உத்தமம்.

வெயிலுக்கு அடுத்தது காற்று. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று நான்கு காற்றுக்கும் தனித்தனிப் பெயரிட்டது நம் மொழி. ஒரு திசையில் மட்டும் சன்னல் வைத்தால் காற்று உள்ளே வராது. வந்த காற்று போவதற்கு எதிர்த் திசையிலும் வழி வேண்டும். தென்சன்னலுக்கு நேரே வடசன்னலோ, நடுவே திறந்த முற்றமோ இருந்தாலன்றித் தென்றல் நம் வீட்டுக்குள் நுழையாது.

பிறகு மண். நஞ்சையாக இருந்த பூமியும் கரிசல் கலந்த பூமியும் நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அத்தகைய மண்ணில் அடுத்த வீட்டுக்காரர் போட்ட ஆழமே போதுமென்று அஸ்திவாரம் போடலாகாது. குழி தோண்டிக் கெட்டித் தரை எவ்வளவு ஆழத்தில் என்று கண்டு, தேர்ந்த பொறியாளரைக் கேட்டே தொடங்க வேண்டும். இதற்காகும் செலவு வீட்டுச் செலவில் மிகச் சிறு பங்கு. சுவர் வெடித்த பின் அதைச் சீர் செய்ய ஆகும் செலவுக்கு எல்லையில்லை. தரை மட்டத்தையும் இப்பொழுதே யோசியுங்கள். சாலை போடுந்தோறும் தெரு உயர்ந்துகொண்டே வருகிறது. இன்று தெருவுக்கு ஓரடி உயரமாக வைத்த வாசல், பத்து வருஷத்தில் தெருவுக்குத் தாழ்ந்து மழைநீரை வரவேற்கும்.

மனையில் ஏற்கெனவே உள்ள கிணற்றையும் மரத்தையும் என் செய்வது? தூர்த்துவிட்டு, வெட்டிவிட்டுத் தொடங்குவதே இப்போது நாகரிகமாயிருக்கிறது. 1914, 1915-ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து, மதுரையைக் குறித்தும் அறிக்கை எழுதிய பாட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர், ஓர் ஊரைத் திருத்துவதற்கு முன் அதை நடந்து பார்த்து அறிய வேண்டும் என்றும், உள்ளதில் நல்லதைக் காத்துக் கெட்டதை மட்டும் நீக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். ஊருக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்தும். நீரூறாத பழங்கிணறாயினும் தூர்க்காதீர்கள். ஆயிரம் சதுர அடிக் கூரையின்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறக்குறைய 929 லிட்டர். ஐப்பசி கார்த்திகையில் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். அந்நீரை வடிகட்டிப் பழங்கிணற்றில் விட்டால், அதுவே உங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்குச் செவிலித்தாய். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அதிகாரிக்குக் காட்டுவதற்காக ஒரு குழாயைச் சொருகிவைக்காமல், நம் பிள்ளைகளின் தாகத்துக்காகச் செய்வோமாக. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் 2015-ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வில் செங்கற் சுவர்களோடு உறைகிணறுகளும், நீர் செல்லும் சுடுமண் குழாய்களும், கூரை ஓடுகளும் வெளிப்பட்டன. வைகைக் கரையில் வாழ்ந்தவர் வீட்டையும் நீரையும் சேர்த்தே எண்ணினர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூன்றாவது, வாழப்போகிறவர்கள். ஒரு தாளில் அறைகளின் பெயரை எழுதுவதற்குமுன், மனிதர்களின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொருவரும் காலை முதல் இரவு வரை எங்கே இருப்பர், என்ன செய்வர் என்று குறியுங்கள். அப்பொழுது ஓர் உண்மை விளங்கும். வீட்டில் நெடுநேரம் இருப்பவர் பெண்களும் முதியோரும். வரைபடத்தைப் பற்றிக் கேட்கப்படாதவர்களும் அவர்களே. தகப்பனாருக்கு எழுபது வயது. அவருக்கு மாடியில் அறை! கழிப்பறைக்கு ஓரடி உயரப் படி! வழுவழுப்பான தரை! ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், புதுவீட்டின் சந்தோஷம் அன்றோடு தீர்ந்தது. முதியோர் அறை தரைத்தளத்தில், தென்காற்று வரும் பக்கத்தில், கழிப்பறையை அடுத்து இருக்க வேண்டும். வாசற்கதவுகள் சக்கர நாற்காலி நுழையும் அகலமுடையனவாக, மூன்றடிக்குக் குறையாமல் இருக்கட்டும். இன்று நாற்பது வயதில் கட்டுகிறவருக்கே இருபத்தைந்து வருஷத்தில் அவ்வறை வேண்டியதாகும் என்பதை மறவாதீர்கள்.

அடுக்களையை வீட்டின் கடைக்கோடியில், புகையும் இருளுமான மூலையில் ஒதுக்கியது பழைய வழக்கம். மனையடி சாஸ்திரம் அக்கினி மூலையாகிய தென்கிழக்கைச் சமையலுக்குச் சொல்லுகிறது. கிழக்கே தெருவுள்ள மனையில் அவ்விடம் வீட்டின் முன்புறமாக அமைகிறது. 'அடுக்களை தெருவைப் பார்க்கலாமா?' என்று சிலர் முகஞ்சுளிப்பர். நான் கேட்கிறேன்: காலை வெயிலும் வெளிச்சமும் படுகிற இடத்தில், போகிற வருகிறவரைக் கண்டு இரண்டு வார்த்தை பேசிக்கொண்டு ஒருத்தி சமைப்பதில் என்ன குற்றம்? சாஸ்திரம் சொல்வதும் சௌகரியம் சொல்வதும் ஒன்றாயிருக்கும்போது இரண்டையும் தள்ளி, வழக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்வது நியாயமன்று. சாஸ்திரமும் சௌகரியமும் மாறுபடும் இடத்தில், அங்கே நின்று வேலை செய்கிறவளைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மேடையின் உயரம் கூட அவள் உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கொத்தனாரின் வழக்கத்துக்கு ஏற்றதாக அன்று.

நான்காவது, கட்டாமல் விடும் இடம். இதுவே என் பேச்சின் சாரம். நமக்குத் தெரிந்த ஐந்து சென்ட் மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிழக்கே தெரு; முகப்பு 33 அடி, ஆழம் 66 அடி. பெருக்கினால் 2,178 சதுர அடி. சரியாக ஐந்து சென்ட். முன்னே பத்தடி, பின்னே பத்தடி, வடக்கே ஐந்தடி, தெற்கே நாலடி விட்டுவிடுங்கள். வீட்டுக்கு 24 அடி அகலமும் 46 அடி நீளமும், அதாவது 1,104 சதுர அடி கிடைக்கிறது. மனையில் பாதி! 'ஐயோ, மற்றொரு பாதி வீணாயிற்றே' என்று மனம் பதைக்கும். அப்பாதி இல்லையேல் இப்பாதி வாழத் தகுந்ததாகாது. முன்னிடத்தின் வடகிழக்கு மூலையில் கிணறு இருக்கட்டும். பின்னிடத்தின் வடமேற்கில் மலக்குழி அமையட்டும். இரண்டும் மனையின் இரு கோடிகளில் இருப்பதால் நீர் கெடாது. அடுத்த மனைக்காரரின் கிணறு எங்கே என்பதையும் பார்த்தே குழியைத் தோண்ட வேண்டும், அவரும் நம்மவரே.

46 அடி நீளத்தை மூன்றாக வகுக்கலாம். கிழக்கே பன்னிரண்டடியில் தென்பக்கம் அடுக்களை, வடபக்கம் திண்ணை. நடுவே பதினெட்டடியில் கூடம். அதன் வடபுறத்தில் எட்டடிச் சதுரமாக வானம் பார்க்கும் முற்றம். தென்புறத்தில் முதியோர் அறையும் கழிப்பறையும். மேற்கே பதினாறடியில் ஒரு படுக்கையறையும், அதற்கு அப்பால் வெயிலைத் தாங்கச் சாமான் அறை, குளியலறை, வெளிப்படி ஆகியனவும். பிள்ளைகள் வளர்ந்த பின் மேலே கட்டிக்கொள்ளலாம். அதற்கு வேண்டிய பலத்தை அஸ்திவாரத்திலும் தூண்களிலும் இப்பொழுதே கொடுத்துவையுங்கள். இது ஒரு மாதிரி மாத்திரமே. தெரு தெற்கிலோ மேற்கிலோ உள்ள மனைக்கு வேறு வகை வரும்; ஆனால் எண்ணும் முறை மாறாது.

முற்றத்தின் பெருமையை அறிய வேண்டுவோர் காரைக்குடிப் பக்கம் சென்று நகரத்தார் பெருமக்களின் வீடுகளைப் பார்க்கட்டும். வெயிற்காலத்திலும் உள்ளே குளிர்ச்சி குடிகொண்டிருப்பதற்கு அம்முற்றங்களும் தடித்த சுவர்களும் உயர்ந்த கூரையுமே காரணம். அதே வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடப்பதையும் காணலாம். பங்காளிகள் பலராகித் தேசாந்தரங்களில் பரவிவிட்டபின், அவ்வளவு பெரிய கட்டிடத்தைப் பேணுவது யார்? முற்றத்தை அவர்களிடமிருந்து கற்போம். அளவை நம் வருமானத்திலிருந்து கற்போம்.

வரைபடம் முடிந்ததும் பேரூராட்சியின் அனுமதி பெற வேண்டும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள் எவ்வளவு இடம் விட வேண்டுமென்று வரையறுக்கின்றன. 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாத வீட்டுக்குச் சுயசான்றின் பேரில் அனுமதி பெறும் வசதி 2024-இல் ஏற்பட்டது. இதனால் அலைச்சல் குறையும்; விதியை மீறலாம் என்பது பொருளன்று. நாம் விடும் இடம் விதி கேட்பதற்குக் குறையாமல் இருக்கட்டும்.

அதன்பின், கொத்தனார் கரண்டியை எடுக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். மனையைச் சுத்தம் செய்து, வரைபடத்தைச் சுண்ணாம்புத் தூளால் தரையில் முழு அளவில் கோடிடுங்கள். சுவருக்குக் கோடு, கதவுக்கு இடைவெளி. கட்டிலையும் பெட்டியையும் கொண்டுவந்து உரிய இடத்தில் போடுங்கள். தாயார் நடந்து பார்க்கட்டும். மனைவி அடுப்பின் முன் நிற்கட்டும். பாட்டனார் கழிப்பறை வரை எத்தனை அடி என்று எண்ணட்டும். தாளில் பெரிதாகத் தோன்றிய அறை தரையில் சிறிதாயிருக்கும். அப்பொழுது ஒரு கோட்டை அழித்து மாற்ற ஒரு பிடி சுண்ணாம்பு போதும். பிறகு மாற்ற இலட்சங்கள் வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. கடன் வாங்கி முகப்பை அலங்கரிப்பதைக் காட்டிலும், கடனின்றி ஒரு தளத்தைச் செவ்வையாக முடிப்பது கௌரவம். இங்கிலாந்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டிடக் கலைஞர், செங்கல்லைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டைப் பரப்பினார். அதனால் செங்கல்லில் ஏறக்குறையக் காற்பங்கு மிஞ்சும். நடுவிலுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். எல்லா இடத்துக்கும் அது பொருந்துமென்று சொல்லவில்லை. வேலை தெரிந்த கொத்தனார் வேண்டும். சிக்கனமும் சௌகரியமும் ஒன்றாக வாழக்கூடும் என்பதற்கு அதை எடுத்துக்காட்டினேன்.

முடிவாக நமது சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம்மவர் கட்டும் ஒவ்வொரு வீட்டின் வரைபடத்தையும், கட்டி முடித்து ஒரு வருஷம் குடியிருந்த பின் அவ்வீட்டுப் பெண்கள் சொல்லும் குணதோஷங்களையும், ஒரு புஸ்தகத்தில் பதிந்து சங்கக் காரியாலயத்தில் வைக்க வேண்டுகிறேன். அடுத்துக் கட்டப்போகிறவர் அதைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். நிதி வேண்டுவதில்லை, ஒரு நோட்டுப் புஸ்தகமும், உண்மை சொல்லும் மனமும் போதும். பெரியோர்கள் இதை ஆலோசித்து அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருவார்கள் என்று நம்புகிறேன்.